துரை கதிரையும் அட்டன் மழையும்

பழைய மரச்சாமான் வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் என்ன மரம், எவ்வளவு பழசு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மேலே என்ன பூசினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நீட்டுக்கை வைத்த சாய்மனைக் கதிரை ஒன்றைச் சில வருடமாகத் தினமும் பாவிக்கிறேன். இலங்கை மலையகத்து அட்டன் பக்கத்து ஈரத்தில் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். வில்லங்கமெல்லாம் பூச்சில்தான் வருகிறது.

தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பங்களா வராந்தாக்களில் கிடந்த அதே வகைதான் இது. கைப்பிடிக்கு அடியில் இன்னொரு பலகை மடங்கிக் கிடக்கும். அதை முன்னால் திருப்பிவிட்டால் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆட்கள் இதைத் துரை கதிரை என்றே சொல்வார்கள். கம்பளைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், கறுப்புப் பெயின்ற் அப்பி, பிரம்பு கிழிந்து, உடைந்த அலுமாரிக் கதவுகளுக்கு அடியில் கிடந்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது பங்களாவிலிருந்து வெளியே வந்தது என்று கடைக்காரர் ஒரு கதையும் சொன்னார். இந்தக் கதைக்குத் தனி விலை உண்டு. அதைக் காதில் வாங்காமல் கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். கைச்சீவுளி போட்ட மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பிரம்பு கோக்கிற துளைகள் அச்சில் அடித்ததுபோல் ஒரே சீராக இருக்காது. திருகாணியின் தலையில் ஒற்றைக் கீறல்தான் இருக்க வேண்டும். சிலுவைக் கீறல் திருகாணி 1930களில்தான் வந்தது. அது இருந்தால் ஒன்று கதிரை புதிது, அல்லது யாரோ இடையில் கை வைத்திருக்கிறார்கள்.

என்ன மரம் என்று அறிய, கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் கத்தி முனையால் இலேசாகச் சுரண்டினேன். உள்ளே மஞ்சள். பலா! புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருக்கும், வயது ஏற ஏறச் செம்பழுப்பாகிவிடும். அதன் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை அவித்துத்தான் முன்பு பிக்குகளின் காவிக்குச் சாயம் எடுத்தார்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் பலாவை வெட்ட முடியாது. ஆகவே நன்றாக முற்றிய பழைய பலாவுக்குக் கொடுத்த காசு வீண் போகாது.

பெயின்ற் எடுக்கிற வேலைதான் பெரிய வேலை. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்பதால் காய்ந்தபடி சாண்ட்பேப்பர் போட்டுத் தூசி கிளப்பக் கூடாது. பெயின்ற் ரிமூவர் பூசி, ஊறவைத்து, ஈரத்தோடு வழித்தெடுத்தோம். கோஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கினால் ஒரே நாளில் வேலை முடியும் என்று ஒருவர் ஆசை காட்டினார். முடியும்தான், கூடவே மூட்டுகளில் உள்ள பழைய வச்சிரப் பசையும் விட்டுப்போகும். மிச்சத்தை எங்கள் தச்சு பாஸ் உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டால் சுரண்டினார். கண்ணாடியைச் சற்றுச் சரித்துப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கிறார், மெழுகுத் தாள் மாதிரி சுருள் சுருளாக வருகிறது. விளிம்பு மழுங்கினால் இன்னொரு துண்டு. “மிஷின் போட்டா பழசு போயிரும் தம்பி, இது போதும்” என்றார். கைப்பிடி நுனியில் எத்தனையோ உள்ளங்கை தேய்த்த பள்ளம் அதனால்தான் இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் பூச்சு. பளபளவென்று நிற்கும், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் பொலியூரித்தேன் வார்னிஷைத்தான் சொன்னார்கள். நான் அரக்கு (ஷெலாக்) பொலிஷ் கேட்டேன். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு ஏறத்தாழ 240 கிராம் அரக்குச் செதில், துணிப் பந்தால் மெல்லிய பூச்சாகத் திரும்பத் திரும்ப. கரைத்ததை மாதக்கணக்கில் வைத்தால் பிறகு சரியாகக் காயாது, அதனால் வேண்டிய அளவு மட்டும் கரைப்பது நல்லது. மழை நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. காற்றின் ஈரம் ஏறிப் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். இங்கே தை, மாசி மாத வெயில்தான் இதற்குச் சரி.

பாவித்துப் பார்த்ததில் அரக்கின் குறைகள் இவை. சூடான தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சாராயம் சிந்தினால் பொலிஷே கரையும். சில துரை கதிரைகளின் கையில் கிளாஸ் வைக்க வட்டமாகக் குடைந்திருப்பார்கள், விருந்தாளி வரும் நாளில் அதன் அருமை தெரிகிறது. வைகாசியில் தொடங்கும் மழை விடாமல் பிடிக்கும்போது கைப்பிடியில் மெல்லிய வெளுப்பும், அடியில் பூஞ்சணமும் வரும். ஆனால் ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த துணியால் ஒரு தடவு தடவினால் வெளுப்பு போய்விடுகிறது. தேய்ந்த இடத்தில் மட்டும் புதிதாக ஒரு கை போட்டால் பழையதோடு கலந்துவிடும். பொலியூரித்தேன் அடித்த எங்கள் சாப்பாட்டு மேசையில் ஓரம் உரிந்து, உரிந்த இடத்தால் ஈரம் உள்ளே போய்க் கறுத்திருக்கிறது. அதைத் திருத்த முழுவதையும் சுரண்ட வேண்டும். நானே அரை மணி நேரத்தில் சரிபண்ணக்கூடிய பூச்சுதான் எனக்கு நல்ல பூச்சு.

பிரம்பின் குணம் இதற்கு நேர்மாறு. பொலிஷுக்கு ஆகாத ஈரம் பிரம்புக்கு மிகவும் பிடிக்கும். பின்னக் கொடுத்த கூலி கதிரை விலையைவிடக் கூட. பிரம்பு கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியாவில் வாங்கியது. அதற்கு வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. இன்றுவரை ஓர் இழை அறவில்லை. பண்டாரவளையில் அக்கா வீட்டிலும் இதே மாதிரிக் கதிரை ஒன்று இருக்கிறது. அங்கே வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உட்காரும்போதே அதில் பிரம்பு முறுகும் சத்தம் கேட்கும், ஓரத்தில் இரண்டு இழை போயும்விட்டது. அங்கே கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். இருக்கை தொய்ந்தால் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியை அடிப்பக்கமாக ஒற்றி, ஒரு இரவு யாரும் உட்காராமல் விட்டால் காயும்போது இழுத்துக்கொள்ளும். மேல்பக்கம் நனைத்துப் பயனில்லை. பிரம்பின் வழுவழுப்பான தோல் தண்ணீரை உறிஞ்சாது.

கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற எங்கள் அம்மா முதலில் இதில் உட்காரவே மாட்டேன் என்றார். துரை காலை நீட்டின கதிரை வீட்டுக்கு எதற்கு என்று ஒரே பேச்சு. இப்போது பகல் தூக்கம் அவருக்கு அதில்தான், எனக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் முறை வருகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள். இருக்கை தாழ்வு, பின்பக்கம் சரிவு, எழும்ப ஆள் கை கொடுக்க வேண்டும். இன்னொன்று, பங்களா வராந்தாவுக்குச் செய்த சாமான் தொழிலாளர் லயத்து வாசலில் சுலபமாக நுழையாது. காசு கொடுக்குமுன் கதவின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். நாங்கள் ஜன்னல் சட்டத்தைக் கழற்றித்தான் உள்ளே எடுத்தோம்.