பழைய காமிக்ஸ் இதழா, ஃபேன்ஸைனா, ஓவியர் வரைந்த அசல் பக்கமா?

பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் எல்லாரும் கொஞ்ச காலத்தில் ஒரு முச்சந்தியில் வந்து நிற்கிறார்கள். அச்சான இதழ்களையே தொடர்ந்து வாங்குவதா, அந்தக் கால ரசிகர்கள் தாங்களே அடித்துப் பரப்பிய ஃபேன்ஸைன்கள் பக்கம் போவதா, இல்லை ஓவியர் கைப்பட வரைந்த அசல் பக்கங்களுக்கு மாறிவிடுவதா? நான் 15 வருடம் இதழ்களைச் சேர்த்தேன். கடந்த 3 வருடமாக அதில் முக்கால்வாசியை விற்றுவிட்டு அசல் பக்கங்களுக்கு வந்துவிட்டேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த வித்தியாசங்களை நீட்ட வேண்டாம். இதழில் முழுக்கதையும் இருக்கும், தேடினால் இன்னொரு பிரதி கிடைக்கும், சட்டைப்பையில் இருப்பதற்கு ஏற்ற மாதிரி வாங்கலாம். அசல் பக்கம் உலகத்திலேயே ஒன்றுதான், போனால் போனதுதான். சரி, இதெல்லாம் முதல் நாளே புரிந்துவிடும். பல வருடம் கழித்துத்தான் புரிவது பராமரிப்பு. என்னை மாற வைத்ததும் அதுதான்.

பழைய காமிக்ஸ் அச்சான தாள் நியூஸ்பிரிண்ட், அதாவது மரத்தை அரைத்த கூழில் செய்த மலிவான தாள். மரத்தில் இருக்கும் லிக்னின் அதிலேயே தங்கிவிடுகிறது, காற்றும் வெளிச்சமும் பட்டால் தாள் பழுப்பாகிறது, கூடவே உள்ளுக்குள் அமிலம் சேர்ந்து கடைசியில் விரல் பட்டாலே ஓரம் உதிர்கிறது. 1938இல் சூப்பர்மேன் முதன்முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழை 10 சென்ட்டுக்கு விற்றவர்கள் அது ஒரு வருடம் தாங்க வேண்டும் என்றுகூட நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் பழைய தாள் திரட்டும்போது காமிக்ஸையும் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்து இதழ்கள் இத்தனை அரிது. தூக்கிப் போடுவதற்கென்றே செய்த ஒரு பொருளை நாம் காலத்துக்கும் காப்பாற்றப் பார்க்கிறோம், நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை. சாதாரண பாலிப்ரொப்பிலீன் உறை நாளாக ஆக நெளிந்து பழசாகிவிடும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை நீண்ட நாள் நிற்கும், ஆனால் ஆயிரம் இதழுக்கும் மைலார் போட்டால் உறைக்கான செலவிலேயே இன்னொரு சேகரிப்பு வாங்கிவிடலாம். அட்டையில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள், தாளிலிருந்து வரும் அமிலத்தை அது சமன்செய்யும், அது தீர்ந்த பிறகு அட்டையும் வெறும் அட்டைதான். ஒரு நீளப் பெட்டியில் உறை போட்ட இதழ்கள் 200க்கு மேல் பிடிக்கும், அதன் கனம் தனியாளாகத் தூக்கிப் பார்த்தவர்களின் முதுகுக்குத் தெரியும். உறையை மூட ஒட்டும் டேப் இன்னொரு எமன், இதழை வெளியே எடுக்கும்போது முகப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு பட்டை மையை உரித்துக்கொண்டு வரும். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

ஆனால் என்னை உட்கார வைத்துவிட்டது ஸ்டேப்பிள்தான். வெளிச்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த பெட்டிகளில் அடிப்பெட்டியை ஒருநாள் திறந்தேன். வெளியே பார்க்க எல்லா உறையும் சுத்தமாக இருந்தது, உள்ளே ஈரம் போக வழியில்லாமல் ஸ்டேப்பிள்கள் துருப்பிடித்து, துரு தாளுக்குள் இறங்கி, நடுப்பக்கம் கழன்று கையோடு வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட இதழ்கள். உறை போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நான் அதுவரை நினைத்திருந்தது தப்பு. உறை வெளி ஈரத்தைத் தடுக்கிற மாதிரியே உள்ளே புகுந்துவிட்ட ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியைத் தரையிலும் சுவரிலும் படாமல் வைக்க வேண்டும், அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். அதுவும் ஒன்றிரண்டு அல்ல, எல்லாப் பெட்டியையும்.

இப்போது அசல் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பிரிஸ்டல் போர்டு, ஓவியருக்கென்றே செய்த தடித்த தாள். மை பெரும்பாலும் இந்தியா இங்க், அதன் கருப்பு கரித்தூளிலிருந்து வருவது, வெளிச்சத்தில் வெளுக்காது. ஸ்டேப்பிள் கிடையாது, மடிப்பு கிடையாது. ஓவியத் தாள்களை வைக்கும் பெரிய கோப்பான ஒரு நல்ல போர்ட்ஃபோலியோவில் பாலியெஸ்டர் உறைக்குள் தட்டையாக வைத்தால் என்னிடம் இருக்கும் 31 பக்கமும் ஒரே இடத்தில் அடங்குகிறது, வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். 1967 வாக்கில் அமெரிக்கக் காமிக்ஸில் வரையும் அளவைச் சுருக்கினார்கள், அதற்கு முந்தைய பக்கங்கள் நன்றாகப் பெரியவை. அவற்றுக்கு மட்டும் தனி போர்ட்ஃபோலியோ தேவைப்படும்.

அசல் பக்கத்துக்கு வியாதியே வராது என்றில்லை. வசனத்தைத் தனியாக எழுதி ஒட்டியிருந்தால் பசை காய்ந்து பலூன், அதாவது வசனக் குமிழ், உதிரும், ரப்பர் சிமெண்ட் பசை மஞ்சள் கறையாகக் கசியும். புள்ளிநிழலுக்கு ஒட்டும் ஜிப்-அ-டோன் படலம் சுருங்கிக் கிளம்பும். எல்லாவற்றையும் விட மோசம் மார்க்கர். மார்க்கரால் கருப்பு நிரப்பிய இடம் நாளாக ஆகப் பழுப்பாகி வெளிறிவிடும், வாங்கும்போதே சாய்த்துப் பார்த்துத் தூரிகை மையா மார்க்கரா என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதென்றால் வெயில் விழாத சுவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி.

இன்னொரு நிம்மதி கிரேடு, அதாவது இதழ் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு 10க்குப் போடும் மதிப்பெண். இதழில் 9.2க்கும் 9.6க்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்புதான் இருக்கும், விலையில் மலையும் மடுவும். 2000இல் சிஜிசி என்கிற அமெரிக்க நிறுவனம் வந்து இதழைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்துக் கிரேடு போட ஆரம்பித்த பிறகு நம்பிக்கை கூடியது உண்மைதான், ஆனால் கூட்டுக்குள் போன இதழைப் புரட்ட முடியாது. அசல் பக்கத்திலோ வெள்ளைப் பூச்சு, அழித்த பென்சில், எடிட்டர் குறிப்பு, எதுவும் குறையாக எண்ணப்படுவதில்லை. அறுபதுகளில் ஓவியர் ஜாக் கிர்பி வரைந்த மார்வெல் பக்கங்களின் ஓரத்தில், வசனம் எழுதுபவருக்காக அவர் பென்சிலில் எழுதிய குறிப்புகள் இருக்கும், அதைப் படித்தால் அவர் கதையை எப்படி நினைத்தார் என்பதே தெரிகிறது. அதெல்லாம் அச்சில் வராதது.

போலி பற்றிப் பயம் வேண்டும். இதழில் வெளியான பக்கத்தின் அசல் என்றால் அந்த இதழை அருகில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுங்கள், தூரிகை தடித்து மெலியும் இடம் ஒவ்வொன்றும் பொருந்த வேண்டும். தனி ஸ்கெட்ச்சுக்கு அந்த வசதி கிடையாது, அதனால் நான் அவற்றைத் தொடுவதே இல்லை. யார் கையிலிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் பதிப்பாளர்கள் ஓவியங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை, எழுபதுகளின் நடுவில்தான் வழக்கம் மாறியது. கிர்பிக்கே நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1987இல்தான் அவர் வரைந்ததில் ஒரு பங்கு திரும்பி வந்தது. வசனம் எழுதுவது கணினிக்கு வந்துவிட்ட பிறகு அசல் பக்கத்தில் வசனம் இருப்பதில்லை, இப்போது பலர் ஓவியத்தையே கணினியில் வரைவதால் தாளில் அசல் பக்கமே இல்லை.

ஃபேன்ஸைன் விஷயத்தில் என் அனுபவம் கொஞ்சம், இருபது சொச்சம் பிரதிதான் வைத்திருக்கிறேன். 1960இல் லூபாஃப் தம்பதி கொண்டுவந்த ஸீரோ, அடுத்த வருடம் ஜெர்ரி பெய்ல்ஸ் தொடங்கிய ஆல்டர் ஈகோ என்று பழைய காமிக்ஸைப் பற்றி முதலில் தீவிரமாக எழுதிய இடங்கள் இவை, படிப்பதற்கு இதழைவிட ருசி அதிகம். ஆனால் டிட்டோ என்கிற அந்தக் கால நகலெடுக்கும் முறையில் ஊதா மையில் அடித்த பிரதிகள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், நான் ஜன்னல் பக்கத்து அலமாரியில் வைத்த ஒன்றில் இப்போது பாதி வரி இல்லை. வாங்கியதும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துவிட்டு இருட்டில் வையுங்கள். படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தைரியமாக வாங்கலாம்.

திரும்ப விற்பதில் இதழ்தான் முன்னால் நிற்கிறது. 1970 முதல் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு இருக்கிறது, கிரேடு இருக்கிறது, அதனால் பேரம் சீக்கிரம் முடியும். அசல் பக்கம் நான் இரண்டுதான் விற்றிருக்கிறேன். ஒன்று ஒரே வாரத்தில் போனது, இன்னொன்றுக்கு எட்டு மாதம் காத்திருந்தேன், இதை வைத்துப் பொதுவாக எதுவும் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவசரத்துக்குப் பணமாக்க நேரலாம் என்று நினைப்பவர்கள் இதழோடு இருப்பதே நல்லது.

அப்புறம், இதழ்களை நான் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. ஒவ்வொரு அசல் பக்கத்துக்கும் அது வெளியான இதழின் ஒரு பிரதியை, முகப்பு கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்று தேடி வாங்கி, தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். போர்ட்ஃபோலியோவைத் திறக்கிற மாலையில் அதையும் எடுத்துவந்து, அந்தப் பக்கத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது என்று படிப்பேன். 31க்கு இன்னும் 4 பிரதி கிடைக்கவில்லை.