மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளும் என் கரன்ட் ஸ்கூட்டியும்: மூன்று வருடக் கணக்கு

இலங்கையின் வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீட்டுப் படலையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை 16 கிலோமீற்றர், போக வர 32. 2022 ஓகஸ்ட்டில் வாங்கிய மின்சார ஸ்கூட்டியின் மீற்றர் இன்று காலை 21,640 காட்டியது. "எப்பிடி சேர், வாங்கலாமோ?" என்று வீதியில் மறித்துக் கேட்பவர்களுக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லி முடிவதில்லை. அதனால்தான் இது.

வாங்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் மூடினார்கள். பிறகு கியூஆர் குறியீட்டில் எரிபொருள் பங்கீடு வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். என்னுடைய பழைய வண்டி லீற்றருக்கு 45 ஓடும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய் வர அது மட்டுமட்டாகக் காணும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வாரத்தில் காணாது. கனடாவில் இருக்கிற அக்கா பாதி போட, நான் பாதி கடன்பட, நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து ஸ்கூட்டி வீட்டுக்கு வந்தது. அதே வருடம் மார்ச் 31 அன்று நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டு இருந்ததை மறக்காத அயல்காரர் ஒருவர், "கரன்ட் இல்லாத நாட்டில கரன்ட் வண்டியோ" என்று சிரித்தார். நியாயமான சிரிப்புத்தான்.

அப்பா சிரிக்கவில்லை. இருக்கையைத் தூக்கிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், "எண்ணெய் விடுற இடம் இல்லையோ" என்றார். அவருக்கு மாற்று எரிபொருள் புதிதல்ல. தொண்ணூறுகளில் யுத்த காலப் பொருளாதாரத் தடைக்குள் வன்னி முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பெற்றோல் வண்டியை மண்ணெண்ணெயில் நேரே ஸ்ராட் பண்ண முடியாது. சட்டைப் பையில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோல் இருக்கும். அதில் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு உதைக்க வேண்டும். எஞ்சின் பிடித்துச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்குத் திறந்து விடுவார்கள். வெள்ளைப் புகை, கண் எரியும், பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். டீசல் வண்டிகளுக்கு மண்ணெண்ணெயோடு தேங்காய் எண்ணெய் கலந்து ஓடினார்கள் என்றும் அப்பா சொல்வார். கொள்கை அறிக்கை எழுதி யாரும் இதைக் கொண்டு வரவில்லை. ஒவ்வொரு கராஜ்காரனுக்கும் அந்தக் கைவேலை தெரிந்திருந்தது, அதனால் ஓடியது. என் ஸ்கூட்டிக்கு அப்படிப்பட்ட கராஜ்காரர் ஒருவர் கிடைக்க எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

முதல் வருடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஐந்து 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி தொடராக 60 வோல்ட், 20 அம்பியர் மணி. கணக்குப் பார்த்தால் 1.2 யூனிட் மின்சாரம் உள்ளே பிடிக்கும். கடையில் ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீற்றர் என்றார்கள், எனக்கு 45 கிடைத்தது. போதும். ஒயில் மாற்ற வேண்டாம், பிளக் இல்லை, பெற்றோல் செட்டில் கியூ இல்லை. ஒரேயொரு தொல்லை மாடுகள். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தலையையாவது தூக்கும். இதற்கு அசையவே அசையாது. இறங்கிப் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

பிறகு வந்தது சோளகம். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை வயல்வெளி வீதியில் ஓடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் நான் கிழக்கே போவேன், காற்று பின்னால் தள்ளும், சோக்கு. பின்னேரம் மேற்கே திரும்ப அதே காற்று நெஞ்சில் அடிக்கும். பற்றரி ஒரு வருடம் பழசான பிறகு, 2023 ஜூலையில், வீட்டுக்கு மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது சிவப்பு எரியத் தொடங்கியது. வேகத்தை 20க்குக் குறைத்து, குனிந்து, சைக்கிளில் போகிற மாணவர்கள் முந்திக்கொண்டு போக வந்து சேர்ந்தேன். ஒருவன் கால் கொடுத்துத் தள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்டான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மணித்தியாலம் சார்ஜுக்குக் கொழுவினால் பிரச்சினை தீரும். அதிபரிடம் கேட்டேன். நல்ல மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சேர், எனக்கு ஒண்டுமில்லை. கணக்காய்வு ஓடிட் வந்து அரச கரன்ட்டில சொந்த வாகனம் ஏத்தினதெண்டு எழுதினால் நான் என்ன சொல்லுறது?" என்றார். சுற்றறிக்கை ஏதும் இருக்கிறதா என்று இருவரும் தேடினோம். கொழுவலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. அப்படியான இடத்தில் எந்த அதிபரும் "கூடாது" பக்கம்தான் நிற்பார்.

2017 நவம்பரில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில், அரச வாகனங்கள் எல்லாம் 2025 அளவில் ஹைபிரிட் அல்லது மின்சாரத்துக்கு மாறும், தனியார் வாகனங்கள் 2040 அளவில் மாறும் என்று இருந்தது. 2025 வந்து போயிற்று. எங்கள் பக்கத்து அரச அலுவலக வளவுகளில் வேப்பமர நிழலில் நிற்பது இன்றும் டீசல் டபுள் கப் வாகனங்கள்தான். அந்த வாகனங்கள் மாறியிருந்தால் வளவுக்குள் ஒரு சார்ஜ் பொயின்ற் வந்திருக்கும், அதற்கு ஒரு விதியும் வந்திருக்கும், நானும் அதிபரும் சுற்றறிக்கைக் கோவை புரட்டியிருக்கத் தேவையில்லை. அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1992 இல் போட்ட சட்டத்தின்படி மத்திய அரசு வாங்கும் சிறிய வாகனங்களில் 75 வீதம் மாற்று எரிபொருளில் ஓடக்கூடியவையாக இருக்க வேண்டும். வாங்கினார்கள். நிறைய, பெற்றோலும் எதனோல் கலவையும் இரண்டையும் குடிக்கும் வண்டிகள். எதனோல் விற்கும் பம்ப் பக்கத்தில் இல்லாததால் அவற்றில் பல பெற்றோலிலேயே ஓடின. வண்டியை எண்ணுவது சுலபம், அது எங்கே போய்க் குடிக்கிறது என்று பார்ப்பதுதான் கஷ்டமான வேலை போலிருக்கிறது.

எனக்கு வழி விட்டது அரசாங்கமல்ல, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் அரைக்கும் ஆலை. ஆலைக்காரர் கூரையில் சோலார் போட்டிருக்கிறார். "மாஸ்ரர், மத்தியானத்தில சும்மா போற வெயில்தானே, கொண்டு வந்து கொழுவுங்கோ" என்றார். காசு வாங்க மாட்டார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மிளகாய்த்தூள் நெடியில் நின்று சார்ஜ் ஏறுகிற ஸ்கூட்டி வன்னியில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கரன்ட் பாவனை குறைவு என்று, கூரைச் சோலார்காரர்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கச் சொன்னார்களே, அன்று அவர் கடுப்பாகி என்னைக் கூப்பிட்டார்: "ரெண்டு ஸ்கூட்டி இருந்தாலும் கொண்டு வாங்கோ." பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறோம், நானோ இரவில் எல்லாரும் பாவிக்கிற நேரத்தில் வீட்டில் கொழுவுகிறேன். மன்னாரில் 2020 கடைசியிலிருந்து 30 காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தச் சோளகம்தான் அங்கே கரன்ட் ஆகிறது, இங்கே என் கரன்ட்டைக் குடிக்கிறது.

வீட்டுச் செலவு. வெறும் பற்றரியை நிரப்ப ஒன்றரை யூனிட் அளவில் போகும், கொஞ்சம் சூடாகி வீணாகிறது. மாதம் முடிய பில்லில் சுமார் 30 யூனிட் கூடியது. இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அந்த 30 யூனிட் கடைசிப் படியில் போய் உட்காரும், சில மாதம் முழு வீட்டையும் மேல் படிக்குத் தள்ளும். விற்பவர்கள் காட்டுகிற கணக்கில் இது இருக்காது. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணமுறையில் இரவு பத்தரைக்குப் பிறகு மலிவு. நான் விசாரித்தபோது அது மும்முனை இணைப்பு உள்ள வீடுகளுக்கு என்றார்கள். எங்களுடையது ஒருமுனை. இருந்தாலும் சொல்ல வேண்டும், எந்த மாதமும் பெற்றோல் காசின் பாதியைத் தொடவில்லை.

2024 தொடக்கத்தில் ஓட்டம் 25 கிலோமீற்றருக்கு இறங்கியது. வாங்கிய கடைக்குக் கொண்டு போனேன். உத்தரவாதத்துக்கு ஒரு மாதம் பிந்திவிட்டது, ஐந்தையும் மாற்ற எண்பதாயிரத்துக்கு மேல் என்றார்கள். திறந்து பார்க்கவும் இல்லை. பிறகு கிளிநொச்சியில் ஓட்டோவுக்கு வயரிங் செய்கிற ஒரு பொடியனிடம் போனேன். அவன் ஆக்ஸிலேற்றரை முறுக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு பற்றரியாக வோல்ட் அளக்கிற மல்ற்றிமீற்றர் பிடித்தான். நாலு பன்னிரண்டுக்குக் கிட்ட நின்றது. ஒன்று 9க்குச் சடாரென்று விழுந்தது. "அண்ணை, இவர்தான் ஆள். ஒருத்தர் படுத்தால் மற்ற நாலு பேரையும் இழுத்து விழுத்துவார்." அந்த ஒன்றை மட்டும் மாற்றி இன்னும் பத்து மாதம் ஓட்டினேன். பிறகு காசு சேர்த்து லிதியத்துக்கு மாறினேன். பாரம் பாதிக்கு மேல் குறைந்தது, ஆலையில் நின்று சார்ஜ் ஏற்றாத நாளிலும் சோளகத்தில் வீடு வந்து சேர்கிறேன். மாரியில் முழங்கால் வெள்ளத்துக்குள் மட்டும் விடுவதில்லை. ஒருமுறை விட்டு, மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற கொன்ட்ரோலர் மாற்றினேன், போதும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டதே, அன்று பற்றரி கால்வாசியில் நின்றது. அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனேன். மூன்று வருடத்தில் கரன்ட் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டி போகாத ஒரே நாள் அது.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடையில் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஊரில் மல்ற்றிமீற்றர் பிடிக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். ஈய அமிலம் வேண்டாம், கடன்பட்டாலும் லிதியம் எடுங்கள். போக வர 40க்கு மேல் என்றால் வேலைத்தலத்தில் கொழுவ இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கழற்றிய பழைய ஐந்தையும் கொடுத்தால் இரும்புக்காரர் ஒரு விலை சொன்னார். அப்பா விடவில்லை. துடைத்து, முனைக்குக் கிறீஸ் பூசி, மாட்டுக் கொட்டிலில் பலகை அடித்து அடுக்கினார். அதில் மூன்று இப்போதும் இரண்டு பல்ப் எரிக்கின்றன. தடைக் காலத்தில் பற்றரியும் கொண்டு வரக் கூடாத சாமான்தான். "ரெண்டு ரோச் பற்றரி சாக்குக்குள்ள கிடந்ததுக்கு என்னை வெயில்ல ஒரு பகல் இருத்தி வைச்சவங்கள்," என்றார் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டே. "நீ கிலோக் கணக்கில விக்கப் போறாய்."