நீச்சல் குளத்துக்கு எது காவல்: நோட்டுப் புத்தகமா, ரேகையா, கைப்பட்டையா?

வெயில் ஏறினால் எங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் முதலில் கிளம்புவது குளத்துப் பிரச்சினைதான். மெயின்டனன்ஸ் கட்டுவது நாங்கள், குளிப்பது வெளியாட்களா என்று. நியாயமான கேள்வி. கூட்டம் ஏற ஏறக் குளோரின் வேகமாகத் தீரும், தண்ணீர் கலங்கும், கவனிக்க வேண்டிய தலைகளும் கூடும். எப்படித் தடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

வருபவர்களிடம் கையெழுத்து வாங்கச் செக்யூரிட்டி அண்ணனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து உட்கார வைப்பதில் செலவே இல்லை. எங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஈரக்கை பட்டு உப்பிய பக்கங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ‘பி பிளாக் 304’ என்று ஒன்பது கையெழுத்துகள். அதைவிடப் பெரிய கோளாறு, யாரை நிறுத்துவது என்பது அவர் கண்ணுக்கு விடப்படுவது. காரில் வந்து இறங்குபவரைக் கேட்கத் தயங்குவார், திட்டு விழுமே என்று. வாடகைக்கு இருக்கும் பேச்சிலர் பையனைத் தினமும் கேட்பார். 2018 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் நகரில், குடியிருப்புக் குளத்துக்குக் குழந்தையோடு வந்த கறுப்பினப் பெண்ணிடம் அடையாள அட்டை கேட்டுப் போலீஸ் வரை போனார்கள். அந்தப் பெண்ணின் கேட் கார்டை வைத்ததும் கேட் திறந்துகொண்டது. கேட்டுக்கு முகம் பார்க்கத் தெரியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

அப்படியானால் கைரேகை? சங்கத்தில் சிலருக்கு அதன் மேல்தான் ஆசை. அரை மணி நேரம் ஊறிய விரல் சுருங்கிப் போயிருக்கும், மெஷின் தடுமாறும். பாத்ரூம் போய் வந்த பிள்ளை வெடவெடவென நடுங்கிக்கொண்டு கதவோரம் நிற்க வேண்டியதுதான். அப்புறம், 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. குளிப்பதற்காகப் பிள்ளையின் ரேகையைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

மொபைலில் கியூஆர் கோடு காட்டுவது விருந்தாளிகளுக்குச் சரி. தினமும் நீந்துபவர் போனை எங்கே வைப்பார்?

என் ஓட்டு ஆர்எஃப்ஐடி சிலிகான் கைப்பட்டைக்கு. உள்ளே ஒரு சின்ன சிப் இருக்கும், கேட்டருகே காட்டினால் ரேடியோ அலையில் அதன் எண்ணைப் படித்துக் கேட் திறக்கும். கார்டுபோல பெஞ்சில் விட்டுவிட்டு வர முடியாது, நனைந்தாலும் வேலை செய்யும், தொலைந்தால் அந்த எண்ணை மட்டும் முடக்கலாம். வாங்கும்போது மறையாக்கம் (மற்றவர் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டும் முறை) உள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வகையாகக் கேளுங்கள். சாதாரண 125 கிலோஹெர்ட்ஸ் வகையைச் சுலபமாக நகலெடுத்துவிடலாம். பட்டையை இரவல் கொடுப்பதை இதுவும் தடுக்காது. எதை வைத்தாலும், குளத்தோரம் உயிர்காப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

ஒரே நிபந்தனை, பட்டை வீட்டு ஓனர் பெயரில் இல்லாமல் குடியிருப்பவர் பெயரில் பதிவாக வேண்டும். போன வருடம் எங்கள் மாடிக்குக் குடிவந்தவர்களுக்கு ஓனர் கடிதம் வரவில்லை என்று ஏப்ரல், மே முழுக்க அனுமதி கிடைக்கவில்லை. மெயின்டனன்ஸ் கட்டியது அவர்கள்தான். அவர்கள் பெண் நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாயங்காலம்தோறும் கம்பிவேலிக்கு வெளியே நின்றாள்.