கழற்றி மாட்டும் பம்பு, சில்லர், பேனல்: வீட்டு பியர் ரிக்கில் பல குளிர்காலம் கண்ட அனுபவம்

மினியாபோலிஸில் என் கராஜில் நிற்கும் ரிக்கில், அதாவது பியர் காய்ச்சும் சட்டத்தில், மூன்று பானைகள். இடது ஓரம் வெந்நீர்ப் பானை, நடுவில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) ஊறும் மேஷ் பானை, வலது ஓரம் கொதிக்கும் கெட்டில். ஒவ்வொன்றும் 15 காலன், அதாவது 57 லிட்டர் கொள்ளும். ஒரு தடவை காய்ச்சினால் 10 காலன் பியர். 2 அங்குலச் சதுரக் குழாயை வெல்ட் செய்து கட்டிய ஸ்டாண்டு, முழுக்க மின்சாரச் சூடு. பம்பு, கொதித்த சாற்றைத் தகடுகளுக்கு நடுவில் ஓடவிட்டு ஆறவைக்கும் பிளேட் சில்லர், கன்ட்ரோல் பேனல், மால்ட் அரைக்கும் மில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எது தாங்கியது, எது தொல்லை கொடுத்தது என்று விவரமாகச் சொல்கிறேன்.

எதற்குக் கழற்ற வேண்டும், ஒரேயடியாகப் பிடித்து முறுக்கிவிடலாமே என்று கேட்பார்கள். அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்ச 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. பெரியவர்கள் இருவரோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 200 காலன், ஒருவர் மட்டும் என்றால் 100. விற்கக் கூடாது. (தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவது குற்றம்; அங்கே இருப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) 10 காலன் ரிக்கில் 200 காலன் என்றால் வருடத்துக்கு அதிகபட்சம் 20 தடவை. மீதி நாளெல்லாம் ரிக் சும்மா, காருக்கும் பனி அள்ளும் மண்வெட்டிக்கும் நடுவில் நிற்கும். தினமும் ஓடும் வணிக ப்ரூவரியில் எல்லாவற்றையும் நிரந்தரமாகப் பொருத்துவது சரி. பெரும்பாலும் சும்மா நிற்கிற ரிக்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டாவது காரணம் குளிர். ஜனவரியில் இங்கே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது ஆச்சரியமில்லை. சூடு இல்லாத கராஜில் பம்பின் தலைக்குள்ளோ சில்லரின் தகடுகளுக்கு நடுவிலோ கொஞ்சம் தண்ணீர் தங்கினால்கூடப் போதும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பம்புத் தலையில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். சில்லர் உள்ளுக்குள் விட்டுப்போனால் வெளியே ஒன்றும் தெரியாது. குளிர்விக்கும் குழாய்த் தண்ணீர் சத்தமில்லாமல் வோர்ட்டில் கலக்கும். மால்ட்டை ஊறவைத்து வடித்த அந்தச் சாறு ஆறிய பிறகு அதில் எது கலந்தாலும் பியர் போயிற்று. ஆகவே நவம்பரிலிருந்து ஈரம் படுகிற எல்லாச் சாமானும் காய்ச்சி முடித்த அன்றே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நம்புவது இதைத்தான்: ஒரு சாமான் 'கழலும்' என்று சொல்ல வேண்டுமானால் மூன்று பிடிப்பும் கழல வேண்டும். ஸ்டாண்டோடு இருக்கும் பிடிப்பு, ஹோஸ், மின்வயர். மூன்றும் ஸ்பேனர் இல்லாமல், ஈரக் கையோடு கழல வேண்டும். அழகான பிராக்கெட்டில் பம்பை உட்காரவைத்துவிட்டு, அதன் வயரை நேராக பேனலுக்குள் கொண்டுபோய் முறுக்கி வைத்திருக்கும் ரிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த பிராக்கெட்டால் யாருக்கு என்ன லாபம்?

பம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், அங்கேதான் விஷயம் அதிகம். வீட்டு ரிக்கில் எல்லோரும் வைப்பது காந்தத்தால் சுழலும் பம்பு. மோட்டாரின் தண்டு திரவத்துக்குள் போகாது. வெளியே ஒரு காந்தம், உள்ளே திரவத்தைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் ஒரு காந்தம். அதனால் சீல் தேய்ந்து ஒழுகும் வேலை இல்லை. ஆனால் அது தானாக உறிஞ்சாது. தலை எப்போதும் பானைக்குக் கீழே இருக்க வேண்டும், திரவம் தானாக இறங்கி அதை நிரப்ப வேண்டும். அப்படியானால் பம்பு ஸ்டாண்டின் அடிக்கம்பியில்தான் வரும், அதாவது எல்லாம் சொட்டுகிற இடத்தில். மோட்டாரின் காற்று ஓட்டைக்குள் வோர்ட் போனால் அதோடு கதை முடிந்தது.

நான் போட்ட மவுண்ட்டுக்கு மூலப்பொருள் சாலையோரப் போக்குவரத்துப் பலகைகளைத் தாங்குகிற துளை போட்ட சதுரக் கம்பம். அது கால் அங்குல இடைவெளி அளவுகளில் வருவதால் ஒன்றுக்குள் ஒன்று சரியாக நுழையும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு 7/16 அங்குலத் துளை. வெளிக்குழாய் 1¾ அங்குலம், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஸ்டாண்டில் போல்ட் போட்டேன். உள்குழாய் 1½ அங்குலம், அதன் முனையில் இரும்புத் தகடு, தகட்டின் மேல் பம்பு. உள்ளே தள்ளி ஒரு பின்னைச் செருகினால் முடிந்தது. இந்தக் கம்பம் துத்தநாகம் பூசியது, அதனால் வெல்ட் செய்யக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வரும். கேஸ் பர்னர் வைத்திருப்பவர்கள் இதைத் தீ படும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே பூச்சு இல்லாத இரும்பும் அடுப்புக்கு அடிக்கும் சூடு தாங்கும் பெயின்ட்டும்தான் சரி.

உறுதியில் இந்த மவுண்ட் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. மூன்று, நான்கு கிலோ பம்பு இதற்கு ஒரு பொருட்டே இல்லை. குறை என்னவென்றால் ஆட்டம். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். மோட்டார் ஓடினால் சடசடவென்று சத்தம். வெளிக்குழாயில் ஒரு நட்டை வைத்து, கையால் திருகும் குமிழ் போல்ட் ஒன்றைப் போட்டேன். அது உள்குழாயை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கிறது, சத்தம் நின்றுவிட்டது. ரப்பர் வாஷர் போட்டும் பார்த்தேன். மெத்தென்று இருக்கும் ரப்பர் போட்டால் ஹோஸ் இழுக்கிற இழுப்பில் பம்பு சாய்கிறது. கெட்டி ரப்பர், அதுவும் மெல்லியதாக, போதும்.

பின் விஷயத்தில் ஒரு சின்னக் கவனம் வேண்டும். வோர்ட் என்பது சர்க்கரைச் சாறு. துளையில் வழிந்து காய்ந்தால் பின் ஒட்டிக்கொண்டு இம்மியும் நகராது. சுத்தியல் எடுக்காதீர்கள், ஒரு குவளை வெந்நீரை ஊற்றுங்கள், அரை நிமிடத்தில் இளகி வழுக்கிக்கொண்டு வரும். இரும்புப் பின் துரு பிடித்துத் துளைக்குள்ளேயே ஊறிப்போகும் என்பதால் ஸ்டெயின்லெஸ் பின்தான். அதை ஒரு சின்னச் சங்கிலியில் கட்டி ஸ்டாண்டோடு தொங்கவிட்டால் தேட வேண்டாம்.

தகட்டில் பம்பை உட்காரவைக்கும்போது தலை தகட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது எது ஒழுகினாலும் நேராகத் தரைக்குப் போகும். வெளியேறும் வாய் மேல்நோக்கி இருக்கட்டும், காற்று தானாக ஏறிப் போய்விடும். அந்த வாயிலேயே ஒரு சின்னக் காற்றுவிடும் வால்வு வைத்திருக்கிறேன். பானை வால்வைத் திறந்து இதையும் திறந்தால் குளுக் குளுக்கென்று காற்று வந்து, அப்புறம் வோர்ட் எட்டிப் பார்க்கும். மூடிவிட்டு சுவிட்சைப் போட்டால் முதல் முறையே ஓடும். வேலை முடிந்து கழற்றும்போதும் இதே வால்வு உதவும். ஹோஸில் தங்கிய கொதிநீர் கையில் கொட்டாமல் முதலில் இதன் வழியாக வடிந்துவிடும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளிப்பக்க வால்வைத்தான் திருக வேண்டும். உள்பக்கத்தைக் குறுக்கினால் கொதிநிலையில் இருக்கும் வோர்ட் பம்புக்குள்ளேயே ஆவியாகித் தடுமாறும்.

ஹோஸுக்கு அரை அங்குல ஸ்டெயின்லெஸ் கேம்லாக். இரண்டு காதுகளை மடக்கினால் பூட்டும், விரித்தால் கழலும். திருகு மரை ஏதும் இல்லாததால் சூட்டில் இறுகிப்போகிற பிரச்சினையும் இல்லை. ஆனால் அந்தக் காதுகள் பானையின் சூட்டுக்கே வந்துவிடும், கையுறை கட்டாயம். உள்ளே இருக்கும் சிலிகான் வளையம் தேயும் பொருள், நான்கைந்து உபரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சில்லருக்கு வேறு வகை. என்னுடையதன் முதுகில் இரண்டு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு தகட்டில் சாவித்துவார வடிவில் இரண்டு ஓட்டை வெட்டினேன். மேலே அகலம், கீழே குறுகல். ஸ்டட்டை நுழைத்துக் கீழே இறக்கினால் தொங்கும். எளிது, மலிவு. ஆனால் இந்த முறை எடையை மட்டுமே நம்பி இருக்கிறது. சூடேறிய சிலிகான் ஹோஸ் நிமிர ஆசைப்பட்டு மேல்நோக்கித் தள்ளும், தோட்டத்து ஹோஸின் முறுக்கும் அப்படியே. அதனால் ஸ்டட்டுக்கு மேலே ஒரு சின்னப் பின் குத்தி, மேலே எழும்பாமல் அடைத்திருக்கிறேன். சில்லரைக் கழற்றுவதில் இன்னொரு பெரிய பலன், எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் அடிக்கும்போது கிடைக்கும். ரிக்கிலேயே வைத்து அடித்தால் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) துணுக்குகளில் பாதி உள்ளேயே தங்கும். கழற்றிக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே அடித்தால் பச்சையும் பழுப்புமாகக் கசடு வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தெளிகிறவரை விடுவதில்லை.

கன்ட்ரோல் பேனலை டிவி மாட்டும் வெசா பிராக்கெட்டில் வைத்தேன், 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு எம்4 திருகுகள். கெட்டிலுக்கு நேர் மேலே கூடாது, நீராவி நேராக அதற்குள் ஏறும். பக்கவாட்டில், எட்டுகிற தூரத்தில் போதும். கவனிக்க வேண்டிய ஒன்று: கெட்டிலின் சூடேற்றி 240 வோல்ட்டில் 5,500 வாட், சுமார் 23 ஆம்பியர். அதை இயக்கும் மின்னணு சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே 25, 30 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளும். அதன் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கின் மடிப்புகள் மேலிருந்து கீழாக நின்றால்தான் காற்று ஏறிப் போகும். இடத்துக்கு ஏற்றபடி பேனலைப் படுக்கவைத்து மாட்டினால் சூடு உள்ளேயே தங்கும்.

வயருக்குத் திருகிப் பூட்டும் 30 ஆம்பியர் பிளக். சுவிட்சை அணைத்த பிறகுதான் உருவ வேண்டும். எர்த் விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. கழலும் பிராக்கெட் வழியாக எர்த் கிடைக்கும் என்று எண்ணவே எண்ணாதீர்கள். பெயின்ட், துரு, காய்ந்த வோர்ட் எதுவும் நடுவில் வந்து தொடர்பை அறுக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் அதன் பிளக்கிலேயே எர்த் வயர், ஸ்டாண்டுக்குத் தனியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஜிஎஃப்சிஐ, அதாவது மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம். இங்கே ஆட்களைக் காக்கும் வகை 5 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும். இந்திய வீடுகளில் போடும் ஆர்சிசிபி பொதுவாக 30 மில்லி ஆம்பியர். ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறோம், இது இல்லாத ரிக் பக்கமே போகாதீர்கள்.

வெல்ட் செய்ய வசதி இல்லாதவர்கள் நீளவாக்கில் நட்டு நகரும் பள்ளம் உள்ள அலுமினிய டி-ஸ்லாட் சட்டத்தைத் தேடிப் போகிறார்கள். எதையும் எங்கேயும் நகர்த்தலாம் என்ற சுகம் உண்மைதான். ஆனால் பம்பு அதிர அதிர நட்டு தளர்கிறது, ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளத்துக்குள் வோர்ட்டும் மால்ட் தூளும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். மூடும் பிளாஸ்டிக் பட்டை கிடைக்கும், வாங்கிச் செருகுங்கள். காஸ்டிக் சோடாவில் கழுவுகிறவர்களுக்கு அலுமினியம் ஆகவே ஆகாது, அரித்துவிடும்.

தெர்மாமீட்டர், கரண்டி, ஹோஸ் தொங்கவிட காந்தக் கொக்கி போதும். அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

எதைக் கழலவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பானை உட்காரும் தட்டு. நிரம்பிய 15 காலன் பானை அறுபது கிலோவுக்கு மேல், அதுவும் கொதிக்கிற நிலையில். மடக்கும் தட்டு, பின்னில் நிற்கும் தட்டு என்று விதவிதமாகப் படங்கள் சுற்றுகின்றன. இடம் மிச்சமாகும் என்று ஆசை காட்டும். பின் ஒன்று சரியாக உட்காராத ஒரே ஒரு நாள் போதும், காலில் கொதிநீர். அங்கே வெல்டைத் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை. சூடேற்றி பானைக்குள் நுழையும் இடமும் அப்படியே. கிளாம்ப்பில் கழலலாம், ஆனால் கருவி இல்லாமல் தட்டுப்பட்டுத் திறக்கும்படி இருக்கக் கூடாது.

மில்லும் அதே 1½ அங்குலக் குழாயில்தான் நிற்கிறது, ஆனால் அதைச் செருகும் வெளிக்குழாய், அதாவது சாக்கெட், ரிக்கில் இல்லை, கராஜ் வாசலுக்கு வெளியே உள்ள வேலை மேசையில். மால்ட் தூளில் லாக்டிக் பாக்டீரியா நிறைய இருக்கும். ஆறிய வோர்ட்டின் மேல் அது பறந்து விழுந்தால் பியர் புளிக்கும், அதனால் அரைப்பது தனி இடத்தில். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் குழாயைப் பிடித்துக்கொண்டதில் இதுதான் லாபம், எதையும் எங்கேயும் செருகலாம்.

கழற்றியதை எங்கே வைப்பது என்பதற்கும் அதே அளவுதான் வழிவிட்டது. வீட்டின் அடித்தள அறைச் சுவரில் நான்கு சாக்கெட் வரிசையாக அடித்திருக்கிறேன். இவை வாய் மேல்நோக்கி இல்லாமல் சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும். பம்புத் தகட்டைக் கால் திருப்பு திருப்பிச் செருகினால் தலை கீழே வரும், மோட்டார் மேலே நிற்கும். தங்கிய தண்ணீர் கீழே வைத்த தட்டில் வடிந்துவிடும், மோட்டார் பக்கம் ஏறாது. மறுநாள் தலையின் திருகுகளைக் கழற்றி இம்பெல்லரின் பின்பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும், ஹாப்ஸ் அங்கேதான் ஒட்டியிருக்கும்.