ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பகாலப் பதிவு: ஒரு மதிப்பீடு

எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கையின் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது, செவிலியர் செருப்பைக் கழற்றச் சொல்லி எடை பார்த்து, உயரத்தையும் அளந்து, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) 18.5-க்குக் கீழே, அதாவது மெலிந்தவர் என்ற அளவில், இருப்பதை அட்டையில் குறித்தது பாராட்டத்தக்கது. மசக்கை வாந்தியால் எடை இறங்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே பதிவு செய்தால்தான் நம்பகமான அளவு கிடைக்கும். மெலிந்த தாய்க்கு 2.5 கிலோவுக்கும் குறைவான குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதைச் செவிலியர் பொறுமையாக விளக்கினார். பருமனான தாய்க்கு, சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும், அளவுக்கு மீறிப் பெரிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு உண்டு. அதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. வரிசையில் அடுத்து நின்ற பருமனான பெண்ணுக்கும் ‘இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடும்மா’ என்ற அதே அறிவுரைதான். இரும்புச்சத்து மாத்திரைகள் தட்டுப்பாடின்றிக் கிடைத்தன.