கொழும்பு ஈரக்காற்றில் ரெப்கோ மீகடத்தி நாடா: நீண்டகாலப் பாவனை அனுபவம்

ரெப்கோ (REBCO) என்பது மிகக் குளிரில் மின்தடையின்றிக் கடத்தும் ஒரு பீங்கான்; அதை உலோகப் பட்டியில் படலமாகப் பூசியதே இந்த நாடா. 4 மி.மீ. அகல ரெப்கோ நாடா திரவ நைதரசனில், 77 கெல்வினில், வெளிக் காந்தப்புலம் இல்லாதபோது 100 அம்பியருக்கு மேல் கொண்டுபோகும். விற்பவர் தரும் இந்த எண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடாவைக் கெடுப்பது பெரும்பாலும் கையாளும் விதம். கொழும்பில் அதோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

நாடாவின் பெரும்பகுதி ஹஸ்ரலோய் உலோகமும் செப்பும்தான். மீகடத்தும் பீங்கான் படலம் ஓரிரு மைக்குறோமீற்றர் தடிப்பு. அதற்கு நீர் ஆகாது. செப்புப் பூச்சு முழுதாக இருக்கும்வரை பயமில்லை. வெட்டிய முனை மட்டும் திறந்தே கிடக்கும். வெட்டியவுடன் அதைப் பற்றாசு ஈயத்தால் (solder) மூடிவிட வேண்டும்.

திரவ நைதரசனில் குளிர்ந்த நாடாச் சுருளை அப்படியே வெளியே தூக்கினால் உறைபனி பிடித்து, பிறகு சொட்டச் சொட்ட நனையும். ரெஜிபோம் பெட்டியை மூடியபடியே விட்டு, நைதரசன் ஆவியாகித் தீர்ந்த பின்னும் உலர் நைதரசன் வாயுவை மெதுவாகச் செலுத்திக்கொண்டிருங்கள். சுருள் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே மூடியைத் திறக்கலாம். அவசரப்படுபவர்களின் நாடாதான் முதலில் போகும். பிறகு சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஏசிக்காக யன்னல்களைச் சாத்திய அறையில் நைதரசன் வேலையைச் செய்ய வேண்டாம்: ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 700 லீற்றர் வாயுவாகும், ஒட்சிசன் குறைவது மூக்குக்குத் தெரியாது.

அடுத்த தலையிடி இரண்டு நாடாக்களை இணைக்கும் மூட்டு. பீங்கான் பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க, 5 செ.மீ. மேற்பொருந்தல் போதும். ஒரு நாடா திரும்பிவிட்டால் மின்னோட்டம் விளிம்புச் செப்பைச் சுற்றித்தான் போகும். தடை பல மடங்காகும். வெளியே பார்த்தால் இரு பக்கமும் ஒரே செப்பு நிறம் என்பதால், சுருளைப் பிரிக்கும்போதே ஒரு பக்கத்தில் பேனாவால் கோடிட்டுக்கொள்ளுங்கள். 63/37 பற்றாசு ஈயம் (வெள்ளீயம்-ஈயக் கலவை) 183 பாகை செல்சியசில் உருகும். அதற்குச் சற்று மேலே, சில விநாடி மட்டும். அதிக சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் பீங்கானிலிருந்து ஒட்சிசன் வெளியேறி, மின்னோட்ட எல்லை (தடையின்றிக் கொண்டுபோகக்கூடிய உச்ச மின்னோட்டம்) விழும். 118 பாகையில் உருகும் இந்தியம்-வெள்ளீயம் பாதுகாப்பானது, ஆனால் விலை கடிக்கும். பற்றாசு ஒட்டப் பூசும் பிளக்ஸில் அமில வகை கூடவே கூடாது. மிச்சம் நின்றால் ஈரத்தோடு சேர்ந்து செப்பை அரிக்கும். ரோசின் வகையைப் பூசி அற்ககோலால் கழுவலாம்.

சுருளை இறுக்க எப்பொக்சி ஊற்றுவது இன்னொரு பொறி. குளிரும்போது அது நாடாவைவிட அதிகமாகச் சுருங்கி, படலத்தைப் பிரித்து இழுக்கும். பரபின் மெழுகு அவ்வளவு இழுக்காது.

சோதிக்கும்போது 10 செ.மீ. இடைவெளியில் வோல்ற்றளவுக் கம்பிகள் வைத்தால், அவற்றிடையே 10 மைக்குறோவோல்ற்று தோன்றும் மின்னோட்டம்தான் எல்லை. முறுக்கிய கம்பி இல்லாவிட்டால் 230 வோல்ற்று மின்வழங்கலின் இரைச்சலே அந்தச் சிறு வோல்ற்றளவை மூடிவிடும். சுருளில் கிடைக்கும் எல்லை துண்டு நாடாவில் அளந்ததைவிடக் குறைவாக வரும், அது பழுதல்ல. ஓர அடுக்குகளில் புலம் நாடாவின் முகத்துக்குச் செங்குத்தாக விழுகிறது, 77 கெல்வினில் 0.5 ரெஸ்லாவே பாதிக்கு மேல் பறித்துவிடும். வலுவான காந்தம்தான் வேண்டுமென்றால் 20 கெல்வின் அளவுக்கு இறங்க வேண்டும். திரவ நைதரசன் அங்கே உதவாது, குளிரூட்டும் இயந்திரத்துக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.