ஒரே பெட்டி, இரண்டு சர்வர்: ஆர்எக்ஸ்7640 பல வருடங்களுக்குப் பிறகு

புதுச்சேரி சேதராப்பட்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் எச்பி இன்டெக்ரிட்டி ஆர்எக்ஸ்7640 சர்வர் ஒன்றைப் பல வருடங்கள் பார்த்துக்கொண்டேன். பெட்டிக்குள் இரண்டு செல் போர்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பிராசசர் சாக்கெட், தனி மெமரி. ஒரு செல் போர்டும் அதற்குரிய ஐ/ஓ பகுதியும் (டிஸ்க், நெட்வொர்க் இணைப்புகள்) சேர்ந்தால் ஒரு என்-பார்ட்டிஷன், அதாவது தனி சர்வராகவே ஓடும் ஒரு பகுதி. ஆக, இந்த மாடலில் அதிகபட்சம் இரண்டுதான். ஒன்றில் ஆரக்கிள் டேட்டாபேஸ், மற்றதில் பேரோலும் டெஸ்டிங்கும்.

நடுவில் ஹைப்பர்வைசர் (ஒரே இயந்திரத்தை மென்பொருளால் பலவாகப் பிரித்துக் காட்டும் அடுக்கு) கிடையாது. இரண்டு பகுதியும் தனித்தனியாக பூட் ஆகும், ஒன்றின் மெமரியை மற்றது தொடவே முடியாது. இதன் அருமை எனக்குப் புரிந்தது, வெளியில் வாங்கிப் போட்ட ஒரு மெமரி டிம் சம்பள நாள் நெருக்கத்தில் பழுதானபோதுதான். பேரோல் பகுதி அப்படியே விழுந்தது. "சார், டிஸ்பாட்ச்சும் நின்னுடுமா?" என்று அக்கவுண்ட்ஸிலிருந்து பதற்றமாக ஒரு போன். டேட்டாபேஸில் இருந்த யாருக்கும் நடந்ததே தெரியவில்லை. விழுந்த பகுதி ரீபூட்டில் கெட்ட டிம்மை ஒதுக்கிவிட்டு மீதி மெமரியுடன் எழுந்து வந்தது.

லைசென்ஸிலும் லாபம் உண்டு. ஆரக்கிள் இதை ஹார்டு பார்ட்டிஷனாக (மென்பொருளால் அல்லாமல் ஹார்டுவேரிலேயே பிரித்த பகுதியாக) ஏற்பதால், டேட்டாபேஸ் ஓடும் பகுதியின் பிராசசர் கோர்களுக்கு மட்டும் கட்டினால் போதும். நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தது இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் அவர்கள் காதில் ஏறவில்லை.

எரிச்சல் தந்தது இதன் விறைப்பு. மாதக் கடைசியில் டேட்டாபேஸ் மூச்சு முட்டும், பக்கத்துப் பகுதி சும்மா கிடக்கும். நான்கு கோரைக் கடன் வாங்க வழியில்லை. வி-பார் (ஒரு பகுதியை மென்பொருளால் மேலும் பிரிக்கும் முறை) போட்டு சிபியுக்களை மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவும் ஒரே என்-பார்ட்டிஷனுக்குள் மட்டும்.

அப்புறம் தானே புயல். 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. கரண்ட் வர நாட்கள் ஆயின. டீசலை மிச்சம் பிடிக்க டெஸ்டிங் பகுதியை நிறுத்தி, மேனேஜ்மென்ட் பிராசசரில் (பெட்டியை நிர்வகிக்கும் தனிச் சிறு கணினி) பிஇ என்ற பவர் கட்டளை கொடுத்து அதன் செல்லையும் ஆஃப் செய்தோம். டேட்டாபேஸ் ஜெனரேட்டரில் ஓடியது, ஆனால் நினைத்த அளவு மிச்சமில்லை. பாகம் பிரித்த வீட்டில் கிணறு பொதுவாக இருப்பது மாதிரி, பவர் சப்ளை, ஃபேன், அறை ஏசி எல்லாம் பொது. அதனால் இரண்டு பகுதிகளையும் சேர்த்து கிளஸ்டர் (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) போட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். போர்டு போனால் காப்பாற்றும், பெட்டிக்கே கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே படுக்கும்.

செகண்ட் ஹேண்டில் எடுக்க நினைப்பவர்களுக்கு: இதன் பிராசசரான இட்டானியம் சிப் வரத்து 2021ல் நின்றது. இதில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டமான எச்பி-யுஎக்ஸ் 11ஐ வி3க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 முடிவோடு சரி. ஏற்கெனவே ஓடும் பழைய அப்ளிகேஷனுக்கு உதிரியாக வேண்டுமானால் வாங்கலாம். புதிதாக எதையும் இதில் ஏற்ற வேண்டாம்.